தளத்தில் கடல் மணல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்மரப் படகுகளின் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், படகின் வழுக்கும் மேல்தளத்துக்கு வழி சொல்லும் இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது: சலித்த கடல் மணலைப் பெயிண்டில் கலந்து இரண்டு கோட் அடித்தால் போதும் என்று. படிக்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பிச் செய்தவர் கொஞ்ச நாளிலேயே மொத்தத் தளத்தையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். தளப் பூச்சு வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், அந்த வாக்கியம் நின்ற இடத்தில் இருந்திருக்க வேண்டியதை எழுதுகிறோம். கடிதம் நீண்டுவிட்டது, வேலையே நீளமானதுதான்.

மணலிலிருந்தே தொடங்கலாம். கடல் மணலில் உப்பு உண்டு. கழுவினாலும் சிப்பித் தூளின் இடுக்குகளில் கொஞ்சம் தங்கிவிடும். பெயிண்ட் படலத்துக்குள் சிக்கிய உப்பு வெளியே இருக்கும் ஈரத்தைப் படலத்தின் வழியாகவே உள்ளே இழுக்கும்; அந்த இடத்தில் கொப்புளம் கிளம்பும். சிப்பித் துணுக்குகள் மிதிபட்டால் நொறுங்கும், நொறுங்கிய குழியில் தண்ணீர் நிற்கும். சரி, தூய சிலிக்கா மணல் என்றால்? உப்புத் தொல்லை இல்லை. ஆனால் பெயிண்டைவிடக் கனமானது, டின்னின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் அடித்த இடம் வழவழப்பாகவும் கடைசியில் அடித்த இடம் அரம் போலவும் ஆகும். இன்னொன்று, மணலின் கூர்முனைகளில் பெயிண்ட் நிற்காது, சரிந்து பள்ளத்துக்குப் போய்விடும். முனையில் படலம் மெலிதாக இருப்பதால் அங்கேதான் முதலில் தேயும். பிறகு துகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். கழலாத வரைக்கும் முழங்காலையும் பாயின் துணியையும் கிழித்துக்கொண்டிருக்கும். அணியத்தில் (படகின் முன்பகுதியில்) மண்டியிட்டுப் பாயை இறக்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வேலைக்கென்றே செய்யப்படும் பாலிமர் துகள்கள் இருக்கின்றன. படகுப் பெயிண்ட் பிராண்டுகளான இன்டர்லக்ஸின் இன்டர்கிரிப், ஆல்கிரிப்பின் கிரிப்டெக்ஸ் போன்றவை. எடை குறைவு, கூர்மை குறைவு, ஒரே அளவாகச் சலிக்கப்பட்டவை. உடைந்தாலும் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அரைத்த வால்நட் ஓடும் சிலர் பயன்படுத்துவார்கள். காலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் மேற்பூச்சு தேய்ந்ததும் ஈரம் குடித்துக் கருத்துப்போகும். அலுமினியம் ஆக்சைடு மிகக் கூரானது, தொழிற்கூடப் படிகளுக்குச் சரி, வெறுங்காலோடு நடக்கும் படகுக்கு வேண்டாம். உப்பையோ சர்க்கரையையோ ஈரப் பெயிண்டில் தூவி, காய்ந்ததும் தண்ணீரில் கரைத்துவிட்டு, அது விட்டுப்போன குழிகளையே பிடிமானமாக்கும் முறையும் உண்டு. துகள் உதிரும் பேச்சுக்கே அங்கே இடமில்லைதான். ஆனால் குழிகளின் விளிம்பு சீக்கிரம் மழுங்கும், அழுக்கு சேரும். காக்பிட் (படகைச் செலுத்துபவர் உட்காரும் பள்ளம்) இருக்கைக்குப் போதும். அணியத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

துகளின் அளவிலும் ஒரே அளவு எங்கும் என்று வைக்கக் கூடாது. உட்காரும் இடங்களுக்கு 150 முதல் 300 மைக்ரான், மாஸ்ட்டைச் (பாய் கட்டும் கம்பத்தை) சுற்றியும் அணியத்திலும் 300 முதல் 600 மைக்ரான் என்று பிரித்துக்கொண்டால் காலுக்குப் பிடிப்பும் இருக்கும், உட்காருபவரின் உடையும் பிழைக்கும்.

இத்தனையும் இரண்டாம் பட்சம். சொரசொரப்புப் பூச்சு மேலிருந்து கெடுவது குறைவு. பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடுகிறது. ஆகவே டின்னைத் திறப்பதற்கு முன் தளத்தைத் தட்டிப் பாருங்கள். கண்ணாடியிழைப் படகுகளின் தளம் பெரும்பாலும் ஒரே கெட்டிப் பலகை அல்ல. மேலும் கீழும் கண்ணாடியிழைத் தோல், நடுவில் பால்சா கட்டையோ பிளைவுட்டோ நுரைப்பலகையோ. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். நடுப்பலகை ஊறிப்போன இடமும் தோல் பிரிந்த இடமும் மொத்தென்று ஒலிக்கும். சாக்பீஸால் அந்த எல்லையை வரைந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய எப்போதும் அந்த வட்டத்தின் நடுவில் ஒரு ஸ்டான்ஷன் காலோ (ஓரத் தடுப்புக் கம்பியைத் தாங்கும் தூண்) கிளீட்டோ (கயிறு கட்டும் கொம்பு) நிற்கும். தண்ணீர் இறங்கியது போல்ட் ஓட்டை வழியாக. மிதித்தால் அமுங்கும் தளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே வண்ணம் பூசுவது வீண்செலவு. மேல்தோலை வெட்டியெடுத்து நடுப்பலகையை மாற்றுவது தனி வேலை, அதை முடித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வரவேண்டும்.

தளத்தில் பொருத்திய உபகரணங்களைக் கழற்றாமல் சுற்றிலும் டேப் ஒட்டி அடித்துவிடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) மாதிரிப் பெரிய கருவியின் அடியில் கசிவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். கிளீட், ஸ்டான்ஷன் அடித்தட்டு, பிளாக் (கயிறு ஓடும் கப்பி), தண்ணீர் நிரப்பும் மூடி, இவற்றைக் கழற்றியே ஆக வேண்டும். பூச்சு உரியத் தொடங்குவது இவற்றின் விளிம்பிலிருந்துதான்.

கழற்றிய பிறகு ஓட்டைகளை அப்படியே விடாதீர்கள். 8 மி.மீ. போல்ட் போகும் ஓட்டை என்றால், மேல்தோலையும் நடுப்பலகையையும் மட்டும் 13 அல்லது 14 மி.மீ. அளவுக்கு அகலப்படுத்துங்கள், கீழ்த்தோலைத் தொடாதீர்கள். அடியில் டேப் ஒட்டி ஓட்டையை அடைத்துவிட்டு, முதலில் பொடி எதுவும் கலக்காத எபாக்சியை (ஹார்டனர் சேர்த்ததும் இறுகும் பிசினை) ஊற்றி நடுப்பலகை குடிக்கும் வரை பொறுங்கள். பிறகு சிலிக்காப் பொடி கலந்து தேன் பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்புங்கள். ஒரு நாள் இறுகியதும் நடுவில் 8 மி.மீ. துளையிட்டால், போல்ட்டைச் சுற்றிலும் எபாக்சிக் குழாய் ஒன்று இருக்கும். பிற்காலத்தில் சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) தவறினாலும் தண்ணீர் நடுப்பலகையைத் தொடாது, கேபினுக்குள்தான் சொட்டும். சொட்டினால் உடனே தெரிந்துவிடும், அதுவே நல்லதுதான். துளையின் மேல் வாயைக் கொஞ்சம் சரித்து அகலப்படுத்தி வைத்தால், திரும்பப் பொருத்தும்போது சீலன்ட் அந்தப் பள்ளத்தில் வளையமாக உட்காரும்.

ஸ்டான்ஷன் காலைச் சுற்றி ஜெல்கோட்டில் (கண்ணாடியிழையின் வழவழப்பான மேற்படலத்தில்) சிலந்தி வலை போல வெடிப்பு ஓடியிருந்தால், அது வெயிலால் வந்தது அல்ல, அந்த இடம் வளைகிறது என்று பொருள். எந்தப் பெயிண்டும் வெடிப்பை மூடி நிற்காது; முதல் பலமான அசைவிலேயே அதே கோலம் மேலே எழுந்துவிடும். வெடிப்பைச் சிறு கருவியால் ஆங்கில 'வி' வடிவப் பள்ளமாகக் கீறி, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பிச் சமப்படுத்துங்கள். அடியில் போதுமான அகலத்தில் தாங்குதகடு வைக்காமல் அந்தக் காலைத் திரும்பப் பொருத்தாதீர்கள்.

எபாக்சி இறுகியதும் அதன் மேல் மெழுகு போன்ற ஒரு பிசுக்கு படியலாம். ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்குவது அது. தண்ணீரில் கரையும், தின்னரில் ஒழுங்காகக் கரையாது. தண்ணீரும் தேய்ப்பு நாரும் கொண்டு கழுவி, துடைத்து உலர்த்திய பிறகுதான் உப்புத்தாளை எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு தாளில் அப்பிக்கொள்ளும், மேலே வரும் பிரைமரும் பிடிக்காது.

இதே ஒழுங்கு மொத்தத் தளத்துக்கும் பொருந்தும். முதலில் கழுவுதல், அடுத்து கரைப்பானால் மெழுகு எடுத்தல், அதன் பிறகுதான் தேய்த்தல். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள் மிக அதிகம். மெழுகும் சிலிக்கான் பாலிஷும் படிந்த தளத்தை நேரே தேய்த்தால், உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள்ளேயே மெழுகு இறங்கிவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் வராது. துடைக்க இரண்டு துணி வேண்டும். ஒரு கையில் கரைப்பானில் நனைத்தது, மறு கையில் உலர்ந்தது. நனைத்த துணி கரைத்ததை ஆவியாவதற்குள் உலர்ந்த துணி எடுத்துவிட வேண்டும். ஒரே துணியால் துடைப்பது மெழுகை இடம் மாற்றி வைப்பதாகத்தான் முடியும். துணிகளை அடிக்கடி மாற்றுங்கள். முடிந்ததும் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள்: விரிந்து படலமாக நின்றால் சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். சிலிக்கான் மிச்சம் இருந்தால் பூசிய பெயிண்ட் அந்த இடத்தில் விலகி, மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். அந்தக் குழிகளை இன்னொரு கோட் மூடாது.

ஏற்கெனவே பூசிய தளமா? எந்த வகைப் பெயிண்ட் என்று கண்டுபிடிக்காமல் மேலே எதுவும் போடக் கூடாது. வலுவான தின்னரில் நனைத்த பஞ்சை ஓர் ஓரத்தில் வைத்து, மேலே அலுமினியத் தாளால் மூடி, 10 அல்லது 15 நிமிடம் விடுங்கள். பெயிண்ட் இளகினாலோ சுருங்கினாலோ அது ஒற்றைக் கலவைப் பூச்சு (டின்னிலிருந்து அப்படியே அடிப்பது). அதன் மேல், ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைப் பாலியூரித்தேனைப் போட்டால், அதன் கரைப்பான் அடிப்பூச்சைச் சுருட்டி எடுக்கும். ஒன்று முழுதும் சுரண்ட வேண்டும், இல்லை, ஒற்றைக் கலவையிலேயே தொடர வேண்டும். இளகாவிட்டால் ஒட்டுதலைச் சோதியுங்கள்: பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் 6 கோடு, குறுக்கே 6 கோடு கீறி, பலமான டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் பழைய பூச்சுக்கு ஆயுள் முடிந்தது. வராவிட்டால் தேய்த்துவிட்டு மேலே போகலாம்.

அச்சிலேயே வார்த்த வைரக்கட்டச் சொரசொரப்பு உள்ள தளம்தான் ஆளைச் சோதிப்பது. உப்புத்தாள் மேடுகளை மட்டும் தொடும், பள்ளங்கள் பளபளப்பாகவே இருக்கும். பெயிண்ட் பள்ளத்திலிருந்துதான் உரியும். கட்டங்கள் இன்னும் கூர்மையாக இருந்தால் பித்தளைக் கம்பித் தூரிகையால் பள்ளங்களையும், மென்பஞ்சுத் தட்டில் மாட்டிய 80 நம்பர் தாளால் மேடுகளையும் தேயுங்கள். இரும்புக் கம்பித் தூரிகை வேண்டாம், உடைந்த மயிரிழைகள் தளத்தில் பதிந்து துருக்கறை விடும். கட்டங்கள் மழுங்கிவிட்டன என்றால் அவற்றைக் காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. இரண்டு கோட் பிரைமரும் இரண்டு மூன்று கோட் பெயிண்டும் சேர்ந்து 0.2 மி.மீ. வரை கனம் வரும், அதுவும் பள்ளத்தில்தான் அதிகம் தேங்கும். 40 அல்லது 60 நம்பர் தாளில் தேய்த்து மேடுகளை நீக்கிவிட்டு, அல்லது எபாக்சிப் பட்டி பார்த்துச் சமப்படுத்திவிட்டு, புதிய துகள் பூச்சு போடுவதே சரி. கைவலிக்கும் வேலை. குறுக்கு வழி எதுவும் கிடையாது.

பிரைமர் பற்றிச் சுருக்கமாக: இரட்டைக் கலவை எபாக்சி பிரைமர், இரண்டு கோட். கலந்ததும் சில வகைகளை 15 முதல் 30 நிமிடம் அப்படியே வைத்திருக்கச் சொல்லி டின்னில் எழுதியிருக்கும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்காதீர்கள். துகள் வரும் இடத்தில் 180 நம்பர் தேய்ப்புப் போதும். வழவழப்பாக விடும் ஓரங்களுக்கு 320 வரை போகலாம். எபாக்சி வெயில் தாங்காது, சுண்ணாம்பு போலப் பொடியும். நாள்கணக்கில் மூடாமல் விடக் கூடாது.

அடுத்து, எங்கே சொரசொரப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்ற கணக்கு. இதை வெறும் அலங்காரக் கோடு என்று நினைப்பவர்கள் உண்டு. ஓரத்தில் தண்ணீர் ஓடி வடிகாலுக்குப் போகும் பாதையை 40 அல்லது 50 மி.மீ. அகலத்துக்கு வழவழப்பாக விடுங்கள். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் துகள்களில் சிக்கிப் பாசி பிடிக்கும். பொருத்துகருவிகளைச் சுற்றி 15 முதல் 20 மி.மீ. வழவழப்பு வேண்டும், ஏனென்றால் சொரசொரப்பின் மேல் உட்கார வைத்த அடித்தட்டின் கீழே சீலன்ட் ஒழுங்காகப் படியாது. ஹாட்ச் (மூடியுள்ள தளத் திறப்பு) ஓரங்களுக்கு 20 அல்லது 25 மி.மீ. ஆனால் அழகுக்காக இந்த வழவழப்புப் பட்டைகளை அகலமாக்கிக்கொண்டே போகாதீர்கள். ஈரத்தில் ஒரு கால் முழுதாக அதில் பதிந்தால் ஆள் கடலில். சிறு படகுகளில் ஆள் கடலில் விழாமல் தடுப்பதற்கான ஐஎஸ்ஓ 15085 தரநிலை, ஆள் நடமாடி வேலை செய்யும் தளம் வழுக்காததாக இருக்க வேண்டும் என்கிறது.

பெரும்பாலோர் மறப்பது ஒன்று: படகு சாய்ந்து ஓடும்போது கால் எங்கே படுகிறது என்பது. துறையில் கட்டி நிற்கும் படகில் நடந்து பார்த்துக் கோடு போடுகிறார்கள். 20 பாகை சாய்ந்தால் கால் நடைபாதையின் நடுவில் இல்லை. கேபின் சுவர் தளத்தைச் சந்திக்கும் வளைவிலும் கேபின் கூரையின் சரிந்த விளிம்பிலும் ஊன்றுகிறது. அந்த வளைவுகள் பெரும்பாலும் பளபளப்பாக விடப்பட்டிருக்கும். துகளைக் கூரையின் தட்டையான பகுதியோடு நிறுத்தாமல் தோள் வளைவுக்கும் கொண்டுபோங்கள். காக்பிட் படிகளில் விளிம்பு வரைக்கும் துகள் வேண்டும். கண்ணாடி ஹாட்ச் மூடிகளின் மேல் பெயிண்ட் அடிக்க முடியாது, ஒட்டும் வகைப் பட்டைகள் போதும்.

வரிசை இப்படி: முதலில் வழவழப்பு ஓரங்களுக்கான பளபளப்புப் பெயிண்ட், சொரசொரப்பு வரும் பகுதிக்குள்ளும் 20 மி.மீ. நுழையும்படி. அது டேப்பைத் தாங்கும் அளவுக்கு இறுகக் காத்திருக்க வேண்டும். இரட்டைக் கலவைக்கு 2 நாள், ஒற்றைக் கலவைக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால் டேப் பெயிண்டைக் கிளப்பாது. அவசரப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டு வேலையாக ஆக்கிக்கொள்கிறார்கள். டேப் சாதாரணச் சுருக்கத் தாள் டேப்பாக இருந்தால் துகளோடு கனமாக வரும் பெயிண்ட் அடியில் கசியும்; மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆன ஃபைன்லைன் டேப்தான் வேண்டும். சொரசொரப்பு வரும் கட்டங்களின் மூலைகளைக் கூராக விடாதீர்கள், கூர்மூலையிலிருந்துதான் பூச்சு உரியத் தொடங்கும். 6 அல்லது 7 செ.மீ. விட்டமுள்ள ஒரு டப்பா மூடியை எல்லா மூலைக்கும் அச்சாக வைத்து, டேப்பின் மேல் பென்சிலால் வரைந்து பிளேடால் வெட்டுங்கள். டேப் மட்டும் வெட்டுப்பட வேண்டும். அழுத்தினால் அடியிலுள்ள ஜெல்கோட்டில் கீறல் விழுந்து அதுவே வெடிப்பாக வளரும். எல்லாம் ஒட்டியதும் பிளாஸ்டிக் கரண்டியின் முதுகால் ஓரங்களை அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

இப்போது துகள். பெயிண்டில் கலந்து உருட்டுவது ஒரு வழி, ஈரப் பெயிண்டின் மேல் தூவுவது இன்னொரு வழி. கலந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பாலிமர் துகளும் மெல்லத் தங்கும்; தட்டில் உள்ளதைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சு ரோலர் துகளைத் தள்ளிக்கொண்டு போய்விடும், 10 மி.மீ. அளவு மயிருள்ள ரோலர் வேண்டும். எங்கள் பரிந்துரை தூவும் முறை. ஒவ்வொரு கட்டமாக எடுத்து, வழக்கத்தைவிடக் கனமாக ஒரு கோட் உருட்டி, உடனே ஓட்டையிட்ட மூடியுள்ள டப்பாவிலிருந்து துகளைச் சற்று உயரத்திலிருந்து மழை போலத் தூவ வேண்டும். பக்கத்தில் பிடித்துத் தட்டினால் குவியல் விழும். ஈரம் எங்கும் கண்ணில் படாத அளவுக்கு, பெயிண்ட் இனிக் குடிக்காது என்கிற வரைக்கும் தூவுங்கள். இங்கே சிக்கனம் கூடாது. ஒட்டாதது பிறகு கூட்டி எடுத்து மறுபடி பயன்படும். குறைத்துத் தூவினால் காய்ந்த பிறகு வழுக்கைத் திட்டுகள் தெரியும். பெயிண்டில் தோல் கட்டிய பிறகு தூவுவதும் அப்படித்தான்: மேலே நிற்கும், ஒட்டாது. ஆகவே ஒருவர் உருட்ட, ஒருவர் தூவ, இருவர் வேண்டும்.

டேப்பை அப்போதே, பெயிண்ட் பிசுபிசுப்பாக இருக்கும்போதே, தன் மேல் மடக்கிச் சாய்வாக இழுத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் ஓரம் பிய்ந்து பல்பல்லாக வரும். நன்றாக இறுகியதும் மென்தூரிகையால் கூட்டி, வேக்குவம் வைத்து ஒட்டாத துகளை எடுங்கள். அதன் பிறகு புதிய டேப்பை, முதல் டேப் இருந்த எல்லையிலிருந்து 1 மி.மீ. வெளியே தள்ளி ஒட்டுங்கள். துகளின் மேல் அடுத்து அடிக்கும் மூடும் கோட்டுகள் அந்த ஒரு மில்லிமீட்டரில் துகளின் ஓரத்தையும் சேர்த்து அடைத்துவிடும்.

மூடும் கோட்டுகள் இரண்டு. துகளைக் கெட்டியாகப் பிடித்துவைப்பது இவைதான். ஒன்றோடு நிறுத்தினால் நடைபாதையில் துகள் கழலும். மூன்றாவது போட்டால் சொரசொரப்பே குறையும். இவற்றை டின்னில் சொல்லியிருக்கும் மறுபூச்சு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சமதளமாக இருந்தால் நேரம் தவறினாலும் தேய்த்துவிட்டு அடுத்த கோட் போடலாம். துகளின் மேல் தேய்க்க முடியாதே, தேய்த்தால் முனைகள்தான் போகும். வானிலை பார்த்து வேலை தொடங்க வேண்டியதற்கு முதல் காரணம் இதுதான்.

அளவு சொல்ல வேண்டும். 9 மீட்டர் நீளப் படகில் சொரசொரப்புப் பகுதி மட்டும் 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் படகுக்குக் கட்டம் கட்டமாக அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் தளப் பெயிண்ட் ஒரு லிட்டர் சமதளத்தில் சுமார் 10 சதுர மீட்டர் வரும். துகளின் மேல் அவ்வளவு வராது, 6 அல்லது 7 என்று கணக்கிடுங்கள். அடிக் கோட்டுக்கு ஒன்றரை லிட்டர், மூடும் கோட் ஒவ்வொன்றுக்கும் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 5 லிட்டர், கொஞ்சம் மிச்சத்தோடு 6 வாங்குங்கள். பாதியில் தீர்ந்து வேறு தொகுதி டின்னைத் திறந்தால் நிறம் ஒத்துப்போகாமல் போகலாம். எல்லா டின்னையும் முதலிலேயே ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துகொள்வது நல்லது. இரட்டைக் கலவையில் ஹார்டனரை மட்டும் கோட்டுக்குக் கோட் அளந்து சேர்க்க வேண்டும், மொத்தமாகக் கலந்தால் கல்லாகிவிடும்.

கிவிகிரிப் போன்ற, துகளே தேவையில்லாத கெட்டி அக்ரிலிக் பூச்சும் இருக்கிறது. கரைப்பானுக்குப் பதில் தண்ணீர் சேர்த்துச் செய்த வகை. கரண்டியால் பரப்பி, வலைபோன்ற முரட்டு ரோலரை உருட்டினால் சிறு சிறு முனைகளாக எழுந்து அப்படியே இறுகும். தனியாக வேலை செய்பவருக்கு வசதி, மணமும் ஆபத்தும் குறைவு, சின்னக் குறைகளை மறைக்கும். ஆனால் ஒரு லிட்டர் 2 சதுர மீட்டர் வந்தாலே பெரிது. ஒரே கட்டத்தைப் பாதியில் நிறுத்தினால் தடம் தெரியும், டேப்பை ஈரமாக இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். முனைகள் கூராக வந்துவிட்டால் காய்ந்த பிறகு மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் ஒருமுறை மெல்ல ஓட்டுங்கள், காலைக் குத்தாது.

நிறத்தில் நடுவழிதான் சரி. சுத்த வெள்ளை வெயிலில் கண்ணைக் கூசும். அடர்நிறத்தில் வெறுங்கால் வைக்க முடியாது, அடியிலுள்ள கேபினும் அடுப்பாகும். இளஞ்சாம்பல், வெளிர் மணல்நிறம், தந்த நிறம் எல்லாம் பொருந்தும். பளபளப்பைக் குறைக்கும் கூழைச் சேர்ப்பது கூச்சத்தைத் தணிக்கும், பிடிப்பையும் கூட்டும். அளவுக்கு மீறிச் சேர்த்தால் படலம் பலவீனப்படும்.

வானிலை: தளத்தின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிட (பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ். காலையில் பனி உலர்ந்த பிறகு தொடங்கி, மாலைப் பனி இறங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். ஈரம் பட்டால் பாலியூரித்தேனின் ஹார்டனர் பெயிண்டை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். பளபளப்பு மங்கி நுண்குமிழிகள் வரும். உச்சி வெயில் அடுத்த எதிரி. வெப்பம் 10 பாகை ஏறினால் கலவையின் ஆயுள் பாதியாகும், மேல்தோல் காய்ந்து அடியில் கரைப்பான் சிக்கிக் கொப்புளமாகும். நிழற்பந்தல் கட்டிக்கொண்டு செய்யுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.

பாதுகாப்பில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இரட்டைக் கலவைப் பாலியூரித்தேனின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழலை நிரந்தரமாகப் பாதித்து ஆஸ்துமா உண்டாக்கக் கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் தாங்காது. ரோலரில் அடிக்கும்போதும் கரிம ஆவி வடிகட்டி பொருத்திய முகமூடியும் நைட்ரைல் கையுறையும் வேண்டும். துணி முகமூடி ஒன்றுக்கும் ஆகாது. ஸ்ப்ரே செய்வது, வெளியிலிருந்து குழாய் வழியே காற்று தரும் கருவி இல்லாதவர்களுக்கான வேலை அல்ல. கட்டுரையில் ஸ்ப்ரே பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தது எங்களைத் திடுக்கிட வைத்தது. இதையும் மணல் வாக்கியத்தையும் திருத்தி வெளியிட வேண்டுகிறோம்.

இன்னொரு சின்ன விஷயம், சிரிப்பாகப் படலாம்: இறங்கும் வழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள். அணியத்திலிருந்து பின்னோக்கி, ஏணியில் போய் முடியும்படி. பல நாள் வேலை என்றால் கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசினால் கால் வைக்க இடம் இருக்கும்.

வெறுங்காலோடு நடக்க 2 நாள், கருவிகளைப் பொருத்த ஒரு வாரம் பொறுங்கள். பொருத்தும்போது சிலிக்கான் சீலன்ட் வேண்டவே வேண்டாம், அதன் எச்சத்தின் மேல் பின்னாளில் எந்தப் பெயிண்டும் நிற்காது. பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வைத்து, போல்ட்டைச் சுழலாமல் மேலே பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் அடியிலிருந்து முறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்காமல் சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை இறுக்கினால் பிதுங்க வேண்டியது மெல்லப் பிதுங்கும்.

பிறகு மெழுகு பாலிஷ் இந்தப் பக்கமே வரக் கூடாது. மென்தூரிகை, சோப்புத் தண்ணீர், நிறைய நல்ல தண்ணீர் போதும். நங்கூரம் விழுந்து ஓர் இடம் பெயர்ந்தால் அந்தத் திட்டை மட்டும் ஒட்டுப்போடாதீர்கள், வித்தியாசம் தெரியும். டேப் ஒட்டி அந்தக் கட்டம் முழுவதற்கும் பூசுங்கள். அதற்காகவே மிச்சப் பெயிண்டைச் சின்னப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, காற்று புகாமல் மூடி, நிறத்தின் எண்ணையும் துகளின் அளவையும் எழுதி ஒட்டி வையுங்கள். மூலைக்கு அச்சாக வைத்த அந்த டப்பா மூடியையும் எறிந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
படகுத் தளப் பூச்சுப் பணியாளர்கள் சிலர்